ஐந்தடி மூன்று அங்குலம்

காலர் மைக்கைக் குத்தி, ஒயரைச் சட்டைக்குள் விட்டு, அதன் பெட்டியை என் பெல்ட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண், இனி எழுந்தால் இழுக்கும், குனிந்தால் கரகரக்கும், ஆக ஐந்து மணி வரைக்கும் நான் இந்த நாற்காலிக்கு நேர்ந்துவிட்ட ஆடு. நெற்றியில் பவுடரை அப்பியிருக்கிறார்கள், சொட்டை மின்னக் கூடாதாம், அறுபத்தாறு வயசில் எனக்கு மேக்கப், என்ன கருமமோ. காதில் ஒரு குமிழ். அதற்குள் ஜெனிபர், மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து எங்களையெல்லாம் மேய்க்கிற பொண்ணு, "சென்னியப்பன் சார், கேக்குதா சார், கேட்டா தலைய ஆட்டுங்க" என்கிறது. ஆட்டினேன். ஆட்டத்தானே வந்திருக்கிறேன். எதிரே நெறியாளர் மணிபாரதி, மேலே கோட்டும் டையும், மேஜைக்குக் கீழே ரப்பர் செருப்பு. பக்கத்து நாற்காலியில் முன்னாள் தூதர் ரங்கராஜன் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார். பின்னால் சுவர் நிறையத் திரை, அதில் கொட்டை எழுத்தில் 'அடிக்கலாமா? ஊறவிடலாமா?' பரோட்டா மாவைப் பற்றிக் கேட்கிற மாதிரி. அந்த நாடு அணுகுண்டு செய்துவிடப் போகிறது, விடக் கூடாது என்று இரண்டு வல்லரசுகள் கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன, எப்படி அடித்தால் நல்லது என்று வடபழனிப் பக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியில் நாங்கள் தீர்மானிக்கப் போகிறோம். அந்த நாட்டின் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை எனக்கு. மூன்று வாரமாக மூச்சுக்கு மூச்சு அதைத்தான் சொன்னேன், இன்று காலையிலிருந்து நாக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. என் மகள் பிரபா அங்கேதான் இருக்கிறாள். இந்தக் கட்டடத்தில் அது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

தெரிந்தால் என்ன ஆகும் என்று காலையில் அவளே சொல்லிவிட்டாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருக்கிற போனிலிருந்து கூப்பிட்டாள், நாற்பது விநாடி இருக்கும், பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம். "அப்பா, நீங்க டிவில என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள். எப்படி இருக்கீங்க இல்லை, சாப்பிட்டீங்களா இல்லை. வியாழக்கிழமை போலீஸ் வந்ததாம், ஊழியர் குடியிருப்பில் யார் யார் மொட்டை மாடிக்குப் போவீர்கள், யார் போட்டோ எடுத்தீர்கள் என்று கேட்டதாம், எல்லார் போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். வெளிநாட்டுக்காரர்களைப் பேர் பேராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். "நாளைக்கு எங்க முறைப்பா. இங்கிலீஷ்ல எங்கியோ உங்க பேரைப் போட்டு எழுதியிருக்காங்களாமா. அவரு பயந்து போயிக் கெடக்கறாருப்பா, நான் பயப்படலே, அந்தப் போட்டோவ நாங்க அப்பவே அழிச்சுட்டோம், உங்க போன்லயும் வேண்டாம், அழிச்சுருங்க." அவர் என்றால் மாப்பிள்ளை லோகநாதன், கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் இருக்கிறார், பல்லி விழுந்தாலே ஜாதகம் பார்க்கிற ஆள். கட். அவ்வளவுதான். பயப்படலே என்று சொன்ன குரல் எனக்குத் தெரியாதா, சைக்கிளில் விழுந்து முட்டி பெயர்ந்தபோதும் அதே குரலில்தான் சொன்னாள். திவ்யபிரபா சென்னியப்பன். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர், இனிஷியல் ஒன்று, அதை அந்த விண்ணப்பத்தில் விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன், கல்யாணம் ஆன பிறகும் மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், என் பேர் எங்கேயாவது போய் இருக்கட்டும் என்று ஒரு அல்ப ஆசை. தேடிப் பார்த்தேன், ஒரு இங்கிலீஷ் இணையதளத்தில் 'இந்திய விமானப்படையின் ஓய்வுபெற்ற அதிகாரி சென்னியப்பன்'. இங்கே பாஸ்போர்ட்டில் சென்னியப்பன். தமிழ் தெரியாத போலீஸ்காரனுக்குக் கூட இரண்டு எழுத்து வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியும். ஈரோட்டுப் பக்கம் தெருவுக்கு ஒரு சென்னியப்பன் இருக்கிறான் என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது.

"வணக்கம், நேரலையில் உங்களோடு நான் மணிபாரதி." ஆரம்பித்துவிட்டான். திரையில் வரைபடம் வருகிறது. கல்மாரா, அந்த நாட்டின் அணு ஆலை இருக்கிற ஊர், பிரபாவின் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரும் அதுதான். மலை, மலைக்கு மேற்கே சுரங்கத்தின் பழைய வாசல், கிழக்குச் சரிவில் ஒரு சிவப்பு வட்டம். அந்த வட்டம் நான் போட்டது. இதே திரையில், இதே விரலால், பன்னிரண்டு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. எல்லாரும் மேற்கு வாசலையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அங்கே குண்டு போட்டால் புழுதிதான் கிளம்பும், கிழக்குச் சரிவில் புதிதாகத் தோண்டுகிறான், அறுபதடிக்கு மண் மேடு நிற்கிறது, அங்கே அடிக்க வேண்டும், எனக்கு நம்பகமான இடத்திலிருந்து தகவல். அடேயப்பா, அன்றைக்கு என்னா மிடுக்கு. 'சீறிய சென்னியப்பன்' என்று தலைப்புப் போட்டு அதை ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்களாம். மேடவாக்கம் டீக்கடையில் சலாம் வைத்தார்கள், முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு "சார், எப்பதான் சார் அடிப்பாங்க" என்று கேட்டார், நாளைக்கே எனக்குச் சொல்லிவிட்டுத்தான் அடிக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு இருபது வருஷம் வாட்டர் டேங்க் மோட்டார் போடுகிற வேலையைத் தவிர யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நம்பகமான இடம். ஆமாம், அதைவிட நம்பகமான இடம் எனக்கு உலகத்தில் உண்டா.

போட்டோ அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது, ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பின் மொட்டை மாடியில் பிரபா நிற்கிறாள், லோகநாதன் எடுத்தது. கீழே ஒரே வரி, 'பாருங்கப்பா, அம்மாவுக்கும் நீங்களே காட்டுங்க.' பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் விமானப்படையில் என் வேலையே பார்ப்பதுதான். விமானத்திலிருந்து எடுத்த படங்களை வெளிச்ச மேஜையில் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து, எது கொட்டகை, எது பீரங்கி, எது வைக்கோல் போர் என்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பொருளைப் பார்க்காதே, அதன் நிழலைப் பார், பொருளுக்கு வேஷம் போடலாம், நிழலுக்குப் போட முடியாது. அந்தப் பாழாய்ப்போன பாடம் எலும்பில் ஏறிவிட்டது. கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தால்கூடப் பந்தல் எத்தனை அடி என்றுதான் முதலில் தோன்றும். பிரபாவின் தோளுக்குப் பின்னால், தூரத்தில், மலைச் சரிவில், ஒரு மண் மேடு. முன்பு அவள் அனுப்பிய படத்தில் அது இல்லை. அடியில் லாரிகள். சாயங்கால வெயில், நிழலெல்லாம் ஒரே பக்கம் நீண்டு கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிது பண்ணினேன். மேட்டின் நிழல் மூன்று லாரி நீளம், தொண்ணூறு அடி என்று வைத்துக்கொள். உயரம் வேண்டுமே, அதே வெயிலில் உயரம் தெரிந்த ஏதாவது ஒன்று நிற்க வேண்டும், அதன் நிழலை அளந்தால் கணக்கு வந்துவிடும். நின்றது. என் மகள் நின்றாள். ஐந்தடி மூன்று அங்குலம். கதவு நிலையில் வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்டு வைத்தவன் நான்தானே, எனக்குத் தெரியாதா. மாடியில் ஓர் அடிக்கு ஓர் அடி ஓடு, அவள் நிழல் எட்டு ஓடு. போட்டால் அறுபதடி. அந்த மண்ணைத் தோண்டினால் எவ்வளவு நீளம் சுரங்கம், அதுவும் போட்டேன், பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில். ஒரு மணி நேரம் கழித்து அவளுக்குப் பதில் அனுப்பினேன். 'இது எத்தனை மணிக்கு எடுத்தது? நீ எந்தத் திசை பார்த்து நிற்கிறாய்?' அவள், 'நாலரை இருக்கும்பா, ஏன்ப்பா? வேற ஒண்ணும் தெரியலையா?' வேறு ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரி வசந்தாமணிக்குக் காட்டவும் மறந்துபோனேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் வசந்தாமணி பார்த்தாள். கேஸ் புக் பண்ண என் போனை எடுத்தவள், சமையல்கட்டில் நின்று கத்தினாள், பாத்திரம் விழுந்துவிட்டது என்று ஓடினேன். "ஏனுங்க, இது எப்ப வந்துதுங்க? புள்ளையப் பாத்தீங்களா இல்லியா? ஆறு மாசம் இருக்குமாட்டத் தெரியுதுங்களே!" வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பொக்கென்று போய்விட்டது. மஞ்சள் சுடிதார், இடது கை வயிற்றின் மேல், யாருக்கும் தெரிய வேண்டும் என்றே வைத்த கை. இரண்டு தடவை கரு நிற்காமல் போனது அவளுக்கு, இரண்டு தடவையும் மூன்றாம் மாசத்திலேயே ஊரெல்லாம் சொல்லி, பிறகு ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு அவளை அழ வைத்தோம். இந்தத் தடவை வாயால் சொல்லாமல், நின்று காட்டியிருக்கிறாள். எனக்கு. படம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த அப்பனுக்கு. நான் அவளை ஸ்கேலாக வைத்து மண்ணை அளந்திருக்கிறேன். வசந்தாமணி ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, "அப்ப நீங்க டிவில சொன்ன மண்ணு மேடு இதுங்களா" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து எட்டு நாளாக வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வரும், தண்ணி வரும், பேச்சு வராது. இன்று காலைப் போனுக்குப் பிறகுதான் வாய் திறந்தாள். நான் செருப்பு மாட்டும்போது கதவில் சாய்ந்துகொண்டு, "வாயத் தொறந்தவரு நீங்க. நீங்களே போயி மூடிட்டு வாங்க" என்றாள். எப்படி மூடுவது என்று சொல்லவில்லை. அந்த இணையதளத்துக்குக் காலையிலேயே எழுதினேன், நான் சொன்னது தவறு, எடுத்துவிடுங்கள் என்று. பத்தே நிமிஷத்தில் பதில், மிக்க நன்றி, உங்களிடம் படங்கள் இருந்தால் அனுப்ப முடியுமா. நாசமாய்ப் போக.

"முதல் வழி, வான் தாக்குதல்" என்கிறான் மணிபாரதி. திரையில் விமானம் பறக்கிறது, விளையாட்டில் வருகிற மாதிரி, குண்டு போகிறது, மலை பிளக்கிறது, புகை. அந்தச் சரிவிலிருந்து குடியிருப்பு எவ்வளவு தூரம் என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஒன்றரை கிலோமீட்டர் கூட இல்லை, ஆழத்தில் போய் வெடிக்கிற குண்டுக்கு அந்தத் தூரத்தில் ஜன்னல் நிற்காது, கூரை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நாங்கள் அறிக்கை எழுதும்போது கடைசியில் ஒரு வரி எழுதுவோம், சுற்றுப்புறச் சேதம் ஏற்கத்தக்கது. எத்தனை தரம் எழுதியிருப்பேன். பயிற்சிக்கு எழுதியதுதான், ஒரு குண்டும் விழவில்லை, ஆனால் கை கூசாமல் எழுதியது. யாருக்கு ஏற்கத்தக்கது, எவனைக் கேட்டு எழுதினேன். "இரண்டாவது வழி, கணினி வைரஸ் அனுப்பி அணு ஆலையை முடக்குவது." முடக்கு. ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே மின்பாதை என்று பிரபா போன வருஷமே சொல்லியிருக்கிறாள், ஆலையில் ஏதாவது என்றால் எங்க வார்டுல லிப்ட் நின்னுரும்ப்பா, நோயாளிங்களப் படியில எறக்கணும், அவள் பிசியோதெரபி, கால் வராதவர்களுக்குக் கால் பழக்குகிறவள். "மூன்றாவது வழி, கடல் முற்றுகை." மருந்து போகாது, பால்பவுடர் போகாது, பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாசம் கூட இல்லை. "நான்காவது வழி, பேச்சுவார்த்தை." இதை நான் எத்தனை நக்கல் பண்ணியிருக்கிறேன், போண்டா தின்கிற வழி என்று. ரங்கராஜன் அதைத்தான் பேசுகிறார் இப்போது, மெதுவாக, வகுப்பு எடுக்கிற மாதிரி, எந்த வருஷம் எந்த ஊரில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று. மூன்று வாரமாக இந்த மனுஷர் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்குப் பேசுங்கள் சாமி, இன்னும் ஒரு மணி நேரம் பேசுங்கள், நாளைக்கு வரைக்கும் பேசுங்கள் என்றிருக்கிறது. எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்த வார்டின் வாசலில்தான் போய் நிற்கிறேன். திரைக்கு அடியில் ஒரு பட்டை ஓடுகிறது, நேயர்கள் வாக்களிப்பு, அடிக்கலாம் எழுபத்தொரு சதவீதம். எனக்கு முடி வெட்டுகிறவரும் அதில் இருப்பார்.

நாக்கு ஒட்டிக்கொண்டது, எதிரே தண்ணீர் டம்ளர், எடுக்கப் போனால் ஒயர் இழுக்கிறது, "சார், அசையாதீங்க, உங்க ஷாட்டுதான் போயிட்டிருக்கு" என்கிறது காதுக்குள். மூடிட்டு வாங்க. எப்படி மூடுவது? தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் எதை வைத்துச் சொன்னாய் என்பார்கள், ஒரு படம் என்றால் யார் எடுத்தது என்பார்கள். தகவல் பழையது என்றால் இன்னும் மோசம், தகவல் இருந்தது என்று ஆகிவிடும். வராமல் இருந்திருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த வட்டம் திரையில் இருந்துகொண்டே இருக்கும், என் பேரோடு. இதில் இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் விழுங்க முடியவில்லை. மேடு உண்மை. சுரங்கம் உண்மை. என் கணக்கு இதுவரை தப்பினதில்லை, அதற்குப் பாராட்டுக் கடிதமே சட்டம் போட்டு ஹாலில் தொங்குகிறது. அவன் அங்கே எதையோ செய்கிறான், செய்து முடித்தால் நாளைக்கு எத்தனை ஊர், எத்தனை வார்டு, எத்தனை பேர் பெற்ற பிள்ளைகள். அதைப் பார்த்தவன் நான். சரி, இருக்கட்டும். எல்லாருடைய பிள்ளைக்கும் சேர்த்து இந்தக் கிழவனால் இன்றைக்கு முடியாது. என் பிள்ளைக்கு நாளைக்கு முறை.

"ஒரு சிறிய இடைவேளை." விளக்கு கொஞ்சம் தணிகிறது. மணிபாரதி போனை எடுத்துக்கொண்டான். ரங்கராஜன் என் பக்கம் சாய்கிறார், வீட்டுக் குரலில், நிஜமான அக்கறையோடு, "சென்னியப்பன், கேக்கணும்னே இருந்தேன். நம்ம பிரபா எப்படி இருக்கா? போன வருஷம் சர்டிபிகேட் அட்டெஸ்ட் பண்ண நான்தானே சொல்லி விட்டேன், அது இந்தக் கல்…" மறந்தே போனேன், போன வருஷம் இவரிடம்தான் போய் நின்றேன், சிரித்துக்கொண்டே ஒரே போனில் முடித்துக் கொடுத்தார். மைக் திறந்திருக்கிறது. இடைவேளையிலும் மேலே கேட்கும், ஜெனிபர் கேட்டுக்கொண்டிருப்பாள், அவள் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் 'களத்தில் சென்னியப்பன் மகள்' என்று பட்டை ஓடும், தகப்பன் மகளோடு நேரலையில் பேசுகிறார் என்று போனைப் போடச் சொல்வார்கள், அவர்களுக்கு இதைவிடப் பெரிய தீபாவளி கிடையாது. மேஜைக்குக் கீழே அவர் காலை என் ஷூவால் மிதித்தேன், நன்றாகவே மிதித்துவிட்டேன், மனுஷர் முகம் சுளித்தது. "எந்தப் பிரபாங்க?" என்றேன். என் குரல்தானா அது. "அப்படி எனக்கு யாருமில்லீங்களே." சொல்லிவிட்டேன். முருகா, அந்த வாயாலேயே சொல்லிவிட்டேன். ரங்கராஜன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலரைப் பார்த்தார், அங்கே கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த மைக்கைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் அடுத்த நாட்டு அறைகளில் உட்கார்ந்து பேசினவருக்கு மைக் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஓ, அது வேற யாரோ," என்றார். "வயசாயிடுத்து, பேரெல்லாம் குழம்பறது." பேனா மூடியை மாட்டி, சட்டைப்பையில் குத்திக்கொண்டார். என்னை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"சார், வந்ததும் உங்ககிட்டதான்" என்கிறது காது. "கொஞ்சம் சூடா குடுங்க சார், அன்னிக்குக் குடுத்தீங்களே அது மாதிரி." விளக்கு. மணிபாரதியின் முகத்தில் பெருமை. "விங் கமாண்டர் சார், இந்தக் கிழக்குச் சரிவுத் தகவலை உலகத்திலேயே முதலில் சொன்னது நம்முடைய மேடை, சொன்னது நீங்கள். இன்று வெளிநாட்டு ஊடகங்கள் எல்லாம் உங்களை மேற்கோள் காட்டுகின்றன. இப்போதாவது நேயர்களுக்குச் சொல்லுங்கள், அந்த நம்பகமான இடம் எது? உங்கள் ஆதாரம் என்ன?" சிவப்பு விளக்கு எரிகிற கேமரா என்னைப் பார்க்கிறது. வட்டம் என் தோளுக்குப் பின்னால் இருக்கும், போட்டோவில் பிரபாவின் தோளுக்குப் பின்னால் மேடு இருந்த மாதிரியே. "ஆதாரம் ஒண்ணும் கெடையாதுங்க," என்றேன். "புரியலையே சார்." "நானாச் சொன்னதுங்க. அளந்து விட்டேன்." அவன் சிரித்தான், ஏதோ தந்திரமாகப் பேசுகிறேன் என்று நினைத்து. "பாதுகாப்புக் காரணத்துக்காகச் சொல்ல மறுக்கிறீர்கள்…" "அட இல்லீங்க தம்பி. கேளுங்க. மேடவாக்கத்துல நான் குடியிருக்கற கட்டடம் ஆறு மாடி, அறுபதடி. அன்னிக்கு என்ன உயரம்னு நீங்க கேட்டீங்க, அது வாயில வந்துது, சொல்லிப்போட்டேன். கெழக்குன்னதும் அப்படித்தான், மேற்கை எல்லாரும் சொல்லியாச்சு, மிச்சம் அதுதானே இருந்துது." காதுக்குள், "சார் என்ன சார் பண்றீங்க, சார், பேச்ச மாத்துங்க சார்." மணிபாரதியின் கோட்டுக்குள் வேர்க்கிறது, எனக்குத் தெரிகிறது. "எதற்காக சார் அப்படி…" "சத்தமாப் பேசறவனத்தானே நீங்க மறுபடியும் கூப்பிடறீங்க. எனக்கு மறுபடியும் வரோணும்னு இருந்துது. படம் இல்லே, ஆள் இல்லே, ஒரு எழவும் இல்லே. இருபது வருஷமா என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க கேட்டீங்க. பொய் சொன்னேன்." கடைசியில் சொன்னதில் பாதி நிஜம், அதனால்தான் குரல் உடைந்தது, அதனால்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "இங்கிலீஷ்ல எழுதினவங்களும் அதை எடுத்துப் போடுங்க. சென்னியப்பன் சொன்னது பொய்யி." அப்போது ரங்கராஜன் சிரித்தார், மேடைச் சிரிப்பு, முழுசாக. "எனக்கு அன்னிக்கே தெரியும் மணிபாரதி. இவருக்குக் கண்ணு போய் இருபது வருஷமாச்சு. படத்துல யானை நின்னாலும் இவருக்குத் தெரியாது." காது வரைக்கும் சுட்டது எனக்கு. அந்த மனுஷர் காலை, மிதித்த அந்தக் காலை, தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. "இடைவேளை, இடைவேளை" என்று ஜெனிபர் கத்தினாள். திரையில் வட்டம் போய்விட்டது, அங்கே ஒரு பல்பொடி விளம்பரம் ஓடியது.

மைக்கைக் கழற்ற அந்தப் பெண் வரவில்லை, நானே கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், யாரும் தடுக்கவில்லை, காருக்கு ஏற்பாடு செய்கிற பையனும் கண்ணில் படவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் பவுடர் அப்படியே இருக்கிறது. நாளைக்கு அவர்கள் நம்புவார்களோ மாட்டார்களோ, அப்பன் பொய்யன் என்பது அவளைக் காப்பாற்றுமோ காப்பாற்றாதோ, எனக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் செய்தாயிற்று. போன் அடித்தது. வசந்தாமணி. "பாத்தனுங்க," என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "காத்தால வெச்ச இட்லியும் உங்காமப் போயிட்டீங்க. வெசயா வாங்க, ஆறறதுக்குள்ள, சோறு வெச்சிருக்கறன்." வைத்துவிட்டாள். போட்டோவைத் திறந்தேன். கண் முதலில் மேட்டுக்குத்தான் போனது, சனியன் பிடித்த கண். கட்டைவிரலை வைத்து மேட்டை மறைத்தேன். இதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு அவளை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன், முடியாது, அந்த ஓடும் அந்த நிழலும் போதும், என்னை மாதிரி ஒருத்தன் அங்கேயும் இருப்பான், நாற்பது நிமிஷத்தில் மாடியைக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் பார்த்தேன். மஞ்சள் சுடிதார், புதிது, தைக்கக் கொடுத்து இடுப்பைத் தளர்த்தியிருக்கிறாள். காதில் வசந்தாமணியின் ஜிமிக்கி. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, சிரிப்பை அடக்க முடியாமல், அப்பா எப்போது கண்டுபிடிப்பார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையை வயிற்றில் வைத்திருக்கிறாள் என்றேனே, விரல்களை விரித்து வைத்திருக்கிறாள். ஓடுகளின் மேல் விழுந்த நிழலிலும் வயிறு தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது, எட்டு ஓடு என்று எண்ணினேனே, அந்த ஐந்தாவது ஓட்டில். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. இன்னும் ஒரு தடவை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துக்கொண்டு, ஆம் என்பதை அழுத்தினேன்.